கைதுகள் நிற்க மடி மாற வேண்டும்

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வந்தால், கடல் இல்லாத அருப்புக்கோட்டை, திருச்சுழியிலும் மீன் விலை ஏறுகிறது. விலையைப் பேசும் நாம், கடலில் மீன் குறைவதைப் பேசுவதில்லை.

பாக் நீரிணையில் இழுவைமடி மீன்குஞ்சுகளையும் சேர்த்தே வாரிவிடுகிறது. 2017இல் இலங்கை அதைத் தடை செய்தது. எல்லை தாண்டும் நம் மீனவர்களை அந்நாட்டுக் கடற்படை தொடர்ந்து கைது செய்கிறது.

அதே ஆண்டு, 2,000 இழுவைப் படகுகளுக்குப் பதிலாக ஆழ்கடல் படகுகள் தரும் திட்டம் இங்கே தொடங்கியது. மானியம் இருந்தும் இலக்கு எட்டப்படவில்லை.

மாலத்தீவு மீனவர்கள் சூரையைத் தூண்டிலில் ஒவ்வொன்றாகப் பிடிக்கிறார்கள். அம்முறை 2012இல் சர்வதேசச் சான்று பெற்றது.

கைதானவர்களை மீட்பது அவசியம். ஆனால் படகுக் கடனாளிக்கும் கூலித் தொழிலாளிக்கும் மாற்றுவழி தராதவரை கைதுகள் தொடரவே செய்யும்.