லாரி வந்த பிறகு

நாவல் எழுதுகிறவனுக்கு ஒரு தொல்லை உண்டு. முதல் அத்தியாயத்தில் ஒருவனை ஊருக்குள் கொண்டுவந்து இறக்கிவிட்டால், இரண்டாம் அத்தியாயத்துக்குள் அவன் தங்க ஓர் இடம், சாப்பிட ஒரு வழி, செய்ய ஒரு காரியம் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தாக வேண்டும். மறந்துவிட்டால் வாசகர்கள் சும்மா விடமாட்டார்கள். "அந்தப் பையன் என்ன ஆனான்?" என்று கடிதம் எழுதிக் கேட்பார்கள். இந்தத் தொல்லை சர்க்காருக்குக் கிடையாது என்பது சில வருஷங்களுக்கு முன்புதான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் வீட்டில் வேலை செய்துவந்த ஓர் அம்மாளின் குடும்பம் கூவம் கரையில் இருந்தது. ஒரு மார்கழி மாதம், அரையாண்டுப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்த சமயம், லாரிகள் வந்தன. சட்டிபானை, டிரங்குப் பெட்டி, தையல் இயந்திரம், சாமி படம் எல்லாவற்றையும் ஏற்றினார்கள். நகரத்துக்குத் தெற்கே இருபது கிலோமீட்டருக்கு அப்பால், சதுப்பு நிலத்தை அடுத்து வரிசை வரிசையாக எழுந்திருக்கும் மாடிக் கட்டிடங்களில் ஒன்றில் கொண்டுபோய் இறக்கினார்கள்.

அங்கே எல்லாம் தயாராக இருந்தன. கதவில் எண் எழுதியிருந்தது. மின்சார மீட்டர் பொருத்தியிருந்தது. சாவி கொடுக்க ஒருவர், கையெழுத்து வாங்க ஒருவர், கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கு மை தடவ ஒருவர் என்று ஆட்கள்கூடத் தயாராக நின்றார்கள். அந்த அம்மாளுக்கு எட்டாம் வகுப்பில் ஒரு பெண். மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். இவர்கள் இருவருக்கும் மட்டும் எதுவும் தயாராக இல்லை.

"நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா நடக்கும், ஐயா" என்று அந்த அம்மாள் கேட்டுக்கொண்டதால் நானும் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். புத்தகம் எழுதுகிறவன் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. பாவம்!

தலைமை ஆசிரியை நல்லவர். விரட்டவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. பேசாமல் வராந்தாவுக்கு அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார். இரண்டு வகுப்புகள் முதுகோடு முதுகாகத் தரையில் உட்கார்ந்திருந்தன. ஒரு வகுப்பு ஏழாம் வாய்ப்பாட்டை ஒப்பித்துக்கொண்டிருந்தது. மற்ற வகுப்பு அதைவிட உரக்க ஒரு பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தது.

"பையனை உட்காரவைத்துக்கொள்கிறேன், சார். ஒரு பாய் மட்டும் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். பெண்ணுக்குத்தான் வழி தெரியவில்லை. இங்கே ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான்" என்றார்.

"இத்தனை குடும்பங்கள் வரப்போவது உங்களுக்கு முன்கூட்டியே தெரியாதா, அம்மா?"

"எனக்கு யார் சார் சொல்கிறார்கள்? லாரி வந்த பிறகுதான் தெரியும்."

பெண் பழைய பள்ளிக்கே பஸ்ஸில் போய் வரலாம் என்று யோசனை சொன்னார்கள். ஆறு மணிக்குப் புறப்பட்டு, விளக்கு வைத்த பிறகு வீடு திரும்புகிற பிரயாணம். ஒரு மாதம் போனாள். தாய் பட்டணத்துக்கு வேலைக்கு வர இன்னும் முன்னதாகவே கிளம்ப வேண்டியிருந்ததால், தம்பியைக் கவனித்துக்கொள்ளக் 'கொஞ்ச நாள்' வீட்டில் நின்றாள். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. இப்போது ஏதோ ஒரு கம்பெனிக் கட்டிடத்தில் தரை துடைக்கிறாளாம். கணக்கில் எண்பதுக்குக் குறைந்து வாங்கியதில்லை அந்தப் பெண். அவளுடைய நோட்டுப் புத்தகங்களை நானே பார்த்திருக்கிறேன்.

இதைக் கதை என்று சிலர் தள்ளிவிடக் கூடும். என் தொழில் அப்படி. ஆகையால் கணக்குக்கு வருகிறேன்.

சென்னைக்குத் தெற்கே கண்ணகி நகர் 2000-ஆம் ஆண்டு முதல் வளர்ந்தது. 15,000-க்கு மேற்பட்ட வீடுகள். 2004-ஆம் வருஷத்துச் சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி. அங்கே 6,000-க்கு மேல். அதன் பிறகு பெரும்பாக்கம்; அங்கே 20,000-க்கு மேல். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்தும் கூவத்தின் கரையிலிருந்தும் குடும்பம் குடும்பமாக அங்கே போய்ச் சேர்ந்தார்கள். இவை மழைக்கு முளைத்த காளான்கள் அல்ல. படம் போட்டு, மதிப்பீடு தயாரித்து, டெண்டர் விட்டு, வருஷக்கணக்கில் கட்டியவை. குளியலறைக் குழாய் எத்தனை அங்குலம் என்பதுகூடக் காகிதத்தில் இருக்கும். இந்த வேலைக்கென்றே 1970-இல் ஏற்பட்ட குடிசை மாற்று வாரியத்துக்கு 2021-இல் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று பெயர் மாற்றினார்கள். வாழ்விடம் என்பது நல்ல சொல். குடிசையைவிட அகலமான சொல். அதற்குள் ஒரு பள்ளிக்கூடம் அடங்கும் என்று நான் நினைத்தால் அது தப்பா?

மத்திய சர்க்கார் 2014-இல் வெளியிட்ட நகர வளர்ச்சி வழிகாட்டி நெறிகளில் ஓர் அளவு சொல்லியிருக்கிறது: 5,000 பேருக்கு ஒரு தொடக்கப் பள்ளி, 7,500 பேருக்கு ஒரு மேல்நிலைப் பள்ளி. இருபதாயிரம் வீடுகளில், வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்தால் எண்பதாயிரம் பேர். அப்படியானால் பதினாறு தொடக்கப் பள்ளிகள். மேல்நிலைப் பள்ளிகள் பத்து. எல்லா வீடுகளும் நிறையவில்லை என்று சொல்லிப் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள்; எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போய், சர்க்கார் பள்ளிகளைத் தெருத் தெருவாக எண்ணிப் பார்த்தேன். அந்தப் பாதிக்கும் வெகு தூரத்துக்கு முன்னாலேயே என் எண்ணிக்கை நின்றுவிட்டது.

இதைப் பற்றி உத்தியோகஸ்தர்களிடம் பேசினால் கிடைக்கும் பதில்களில் எனக்குப் பிடித்தது, "எத்தனை குழந்தைகள் வரும் என்று முன்னாலேயே யார் கண்டார்கள்?" என்பது. ஆறு வயதுப் பிள்ளை ஆகாயத்திலிருந்து குதிப்பதில்லை. பிறந்த இருபத்தோரு நாளைக்குள் அதன் பிறப்பைப் பதிய வேண்டும் என்று 1969-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. ஆக, ஒவ்வொரு பிள்ளையும் சர்க்காருக்கு ஐந்து வருஷ நோட்டீஸ் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கூட வாசலை மிதிக்கிறது. ஐந்து வருஷத்தில் மேம்பாலம் கட்டுகிறார்கள்.

இடம் மாறி வருகிற பிள்ளைகளுக்கோ அதைவிடத் துல்லியமான ஜாபிதா உண்டு. வீடு ஒதுக்கும்போது குடும்ப அட்டையைப் பார்க்கிறார்கள்; ஆதாரைப் பார்க்கிறார்கள்; கை ரேகை எடுக்கிறார்கள். எந்தக் குடும்பம், எத்தனை தலை, எந்த மாடி என்பதெல்லாம் லாரி கிளம்புவதற்கு முன்பே அந்தக் காகிதத்தில் இருக்கிறது. அதில் ஒரு பிரதி எடுத்துக் கல்வி இலாகாவுக்கு அனுப்பினால் போதும். அதற்கு ஒரு தபால் தலை வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு பதில் கொஞ்சம் படித்தவர்கள் சொல்லுவது. "தமிழ்நாட்டில் பிறப்பு விகிதம் குறைந்துவிட்டது. இனிமேல் புதுப் பள்ளி எதற்கு?" வாஸ்தவம். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு, ஒரு பெண்ணுக்கு 1.8 குழந்தை என்று சொன்னது. ஜனத்தொகை குறையாமல் நிற்க 2.1 வேண்டுமாம். மாகாணம் முழுவதும் குழந்தைகள் குறைகிறார்கள் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால், பந்தியில் ஒருவன் இரண்டு இலைச் சாப்பாடு சாப்பிட்டான், பக்கத்தில் இருந்தவன் பட்டினி கிடந்தான், சராசரிக்கு ஆளுக்கு ஓர் இலை ஆயிற்று என்று சமையற்காரர் கணக்குக் கொடுத்தால் கல்யாண வீட்டார் ஒப்புக்கொள்வார்களா?

கூவம் கரையில் அந்த அம்மாளின் பிள்ளைகள் படித்த பழைய பள்ளிக்கும் நான் போய்ப் பார்த்தேன். பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. குடிசைகளை அகற்றியதும் வகுப்புகள் பாதியாகிவிட்டன. அடுத்த வருஷம் 'மாணவர் எண்ணிக்கை குறைவு' என்று ஒரு குறிப்பு எழுதப்படும். அப்புறம் பக்கத்துப் பள்ளியோடு சேர்ப்பார்கள். அப்புறம் பூட்டு. இங்கே பிள்ளை இல்லாத பெஞ்சு. அங்கே பெஞ்சு இல்லாத பிள்ளை. இரண்டையும் உண்டாக்கியது ஒரே லாரி. ஆனாலும் இங்கே நடந்ததை அங்கே இருக்கிறவருக்குச் சொல்ல ஒரு குமாஸ்தா இல்லை. 2019-இல் தமிழ்நாட்டில் பிள்ளைகள் சேராத 46 பள்ளிகளை நூலகங்களாக மாற்றப்போவதாக அறிவித்தார்கள். நூலகம் என்றால் எனக்குக் கசக்குமா? புத்தகம் விற்றுப் பிழைக்கிறவன் நான். ஆனால் வராந்தாவில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டக் கற்காமலே போகிற பிள்ளை நாளைக்கு எந்த நூலகத்தில் என் நாவலைத் தேடப்போகிறது?

ஜனத்தொகைக் கணக்கை நம்பலாம் என்றால் அதன் கதை வேறு. 2011-இல் எடுத்தபோது இந்தப் பெரும்பாக்கத்து மாடி வீடுகளில் ஒருவர்கூட இல்லை. 2021-இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கு அந்த வருஷம் எடுக்கப்படவில்லை. ஆகவே ஒரு முழு ஊர் இரண்டு கணக்குகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்துவிட்டது.

எண்ணவே தெரியாத தேசம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மிகப் பிரமாதமாக எண்ணத் தெரிந்த தேசம் இது. எந்த வாக்காளரும் ஓட்டுப் போட இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்கக் கூடாது என்று தேர்தல் கமிஷன் விதி வைத்திருக்கிறது. குஜராத்தில் கிர் காட்டுக்குள் ஒரே ஒரு வாக்காளருக்காக ஒரு வாக்குச் சாவடி அமைத்து, உத்தியோகஸ்தர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்திருந்த செய்தியை நாம் எல்லோரும் படித்துப் பெருமைப்பட்டோம். நானும் பெருமைப்பட்டேன். பதினெட்டு வயது நிரம்பியவரை, ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை, காட்டுக்குள் தேடிக்கொண்டு போக முடிகிறது. எட்டு வயதுப் பையன், தினம் தினம், நாம் கட்டிக் கொடுத்த வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறான். அவனைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2010 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம் 'அருகாமைப் பள்ளி' என்கிறது. தன் எல்லைக்குள் இருக்கும் பதினாலு வயது வரையுள்ள பிள்ளைகளின் பதிவேட்டை ஸ்தல ஸ்தாபனம் வைத்திருக்க வேண்டும் என்கிறது. இடம் பெயர்ந்து வரும் குடும்பங்களின் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று தனியாகவே ஒரு வாசகம் போட்டிருக்கிறது. தொடக்கப் பள்ளியில் முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று கணக்கும் கொடுத்திருக்கிறது. வேண்டிய பள்ளிகளை மூன்று வருஷத்துக்குள் கட்டி முடிக்கச் சொல்லியிருந்தது. அந்தத் தவணை 2013-இல் தீர்ந்தது. பெரும்பாக்கத்துக்கு லாரிகள் போகத் தொடங்கியது அதற்குப் பிறகு. எனவே, சட்டம் வருவதற்கு முன் செய்த தவறு என்று யாரும் தப்பித்துக்கொள்ள முடியாது.

முன்பெல்லாம் எப்படிச் செய்தார்கள் என்று ஒரு வார்த்தை. பழங்காலப் பெருமை பேசும் வழக்கம் எனக்கு இல்லை. அந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகியதும் ஞாபகம் இருக்கிறது. ஆனாலும் 1957-இல் முதல் அகில இந்தியக் கல்விக் கணக்கெடுப்பு என்று ஒன்று நடந்தது. ஒவ்வொரு குடியிருப்பாக எடுத்துக்கொண்டு, அங்கிருக்கும் பிள்ளைக்கு ஒரு மைலுக்குள் தொடக்கப் பள்ளி உண்டா என்று பார்த்தார்கள். காமராஜர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராகவும் இருந்த காலம் அது. கம்ப்யூட்டர் கிடையாது, செயற்கைக்கோள் படம் கிடையாது. ஊர் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்து, பள்ளிக்கூடத்தை அங்கே கொண்டுபோனார்கள். இன்றைக்கு ஊரையே நாம் கையில் தூக்கிக்கொண்டு போய் வேறிடத்தில் வைக்கிறோம். பள்ளிக்கூடத்தை மட்டும் பழைய இடத்தில் மறந்துவிட்டு வந்துவிடுகிறோம்.

சர்க்காரை இவ்வளவு திட்டிவிட்டு என்னை விட்டுவிட்டால் அது அயோக்கியத்தனம். என் பேரனுக்கு எல்.கே.ஜி.யில் இடம் தேடிய கதையும் உண்டு. அதிகாலை நாலரை மணிக்கு விண்ணப்பப் பாரம் வாங்க வரிசையில் நின்றேன். ஒரு பெரிய மனிதரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கினேன். கேட்ட பணத்தைக் கொடுத்தேன். எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு கார்ப்பரேஷன் பள்ளி இருக்கிறது. அதன் வாசலைத் தாண்டித்தான் தினமும் பேரனின் வேன் போகிறது. அங்கே எத்தனை ஆசிரியர்கள், எத்தனை அறைகள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் வீடு வாங்குகிற நம்மவர்கள் விளம்பரத்தில் 'பத்து நிமிஷத்தில் சர்வதேசப் பள்ளி' என்று பார்த்ததும் திருப்தியடைந்துவிடுகிறோம். பேசத் தெரிந்தவர்கள், பத்திரிகைக்குக் கடிதம் எழுதத் தெரிந்தவர்கள் எல்லோரும் பணத்தைக் கொடுத்து அந்த வரிசையிலிருந்து வெளியே வந்துவிட்டோம். மிச்சம் நிற்கிறவர்கள் கையில் பாய் மட்டும் இருக்கிறது.

நான் கேட்பது அதிகம் இல்லை. ஒரு கட்டிடத்துக்குத் தண்ணீர் இணைப்பு வராமல் குடியேற்றக் கூடாது என்று சொன்னால் எல்லோரும் நியாயம் என்கிறோம். அதே வரிசையில் பள்ளிக்கூடத்தையும் எழுதுங்கள். வகுப்பறையும் வாத்தியாரும் வந்து சேருகிற வரையில் சாவியைக் கொடுக்காதீர்கள், லாரியையும் அனுப்பாதீர்கள். பள்ளி ஆண்டு நடுவில் ஒரு குடும்பத்தையும் பெயர்க்காதீர்கள். ஜூன் மாதம் வரை ஆறு எங்கேயும் ஓடிப்போய்விடாது. பெருகி வரும் வெள்ளம் காத்திருக்காது என்றால், அது அவசர நாள் காரியம். அதற்கு அவசர நாள் வகுப்பும் கூடவே போகட்டும்.

சென்ற மாதம் நகரத்தின் மறுகோடியில் ஒரு புதுக் குடியிருப்பு எழும்புகிறது என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். கலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த இளைஞர் மரியாதை தெரிந்தவர். நிழலில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். எத்தனை வீடுகள் என்று கேட்டேன். காகிதத்தைப் பார்க்காமலே சொன்னார். எத்தனை லிப்ட், எத்தனை குடிநீர்த் தொட்டி, எத்தனை மோட்டார் சைக்கிள் நிறுத்தலாம் என்று கேட்டதற்கெல்லாம் டக்கென்று பதில் வந்தது.

"பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் வருவார்கள், தம்பி?"

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "அதைப் பக்கத்தில் இருக்கிற பள்ளிக்கூடத்தில்தான் சார் கேட்கணும்" என்றார்.