கடைசிப் படி எதன் மேல் நிற்கிறது?

குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலையூர்களில் மரக்குடில்கள் வேகமாகப் பெருகி வருகின்றன. சரிவில் கான்கிரீட் தூண்களை எழுப்பி, அவற்றின் மேல் அறையைக் கட்டி, வாசலிலிருந்து தரைக்கு ஒரு மரப்படியை இறக்கிவிடுகிறார்கள். அறைக்கு அஸ்திவாரம் உண்டு. படிக்கு உண்டா? பல இடங்களில் படியின் இரு பக்கச் சட்டங்களும் வெட்டிப்போட்ட மண்ணின் மேல் அப்படியே நிற்கின்றன. கொஞ்சம் அக்கறை உள்ள இடமென்றால் அடியில் ஒரு செங்கல்லோ உடைந்த டைல்ஸோ செருகியிருக்கும். இந்தப் படிகளில் குழந்தைகள் ஓடுகிறார்கள், முதியவர்கள் கைப்பிடியை நம்பி இறங்குகிறார்கள், குடும்பமே வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்கிறது. அடுத்த பெருமழைக்கு முன் இவற்றின் அடியைக் குனிந்து பார்க்காவிட்டால் எலும்பு முறிவுகளும் அதைவிட மோசமானவையும் நடக்கும் என்று இப்போதே சொல்ல வேண்டியிருக்கிறது.

இது வீண் பயமில்லை என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். ஆறு பேர் படியில் நின்றால் எடை சுமார் 390 கிலோ. அதில் ஏறத்தாழ பாதி மேலே வாசல் பக்கம் போகும், மீதி கீழே இறங்கும். படியின் சொந்த எடையில் பாதியையும் சேர்த்தால் கீழே உள்ள இரண்டு சட்டங்களில் ஒவ்வொன்றும் 120 கிலோவைத் தரையில் இறக்குகிறது. 4 சென்டிமீட்டர் தடிமனும் 10 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட சட்டம் மண்ணைத் தொடும் பரப்பு வெறும் 40 சதுர சென்டிமீட்டர். அந்தச் சிறு பரப்பில் விழும் அழுத்தத்தைச் சதுர மீட்டருக்குக் கணக்கிட்டால் 30 டன். நம் பொறியாளர்கள் வழக்கமாகப் பார்க்கும் தாங்குதிறன் அட்டவணையில், கட்டைவிரலால் ஓரளவு அழுத்தினால் பள்ளம் விழும் களிமண்ணுக்குச் சதுர மீட்டருக்கு 10 டன்தான் அனுமதி. விரல் சில சென்டிமீட்டர் உள்ளே இறங்கிவிடும் மிக மென்மையான களிமண்ணுக்கு 5 டன். அதாவது நனைந்த மண்ணில் வெறுமனே நிற்கும் படி, அந்த மண்ணுக்கு அனுமதித்ததைப்போல மூன்று முதல் ஆறு மடங்கு சுமையைத் தரையில் குத்துகிறது. அது இறங்காமல் இருந்தால்தான் வியப்பு.

இறங்கினால் என்ன, சில அங்குலம்தானே என்று உரிமையாளர்கள் நினைக்கிறார்கள். ஆபத்து அந்தச் சில அங்குலத்தில்தான் இருக்கிறது. அறை ஆழமான தூணில் நிற்பதால் நகராது, படியின் அடி மட்டும் இறங்கும். அப்போது படியின் எடை மேல்முனைக்கு மாறி, வாசல் சட்டத்தில் அடித்த ஆணிகளில் தொங்கத் தொடங்கும். ஆணி பக்கவாட்டில் சுமை தாங்கும், நேராக இழுக்கும் சுமையை அவ்வளவாகத் தாங்காது. ஒவ்வொரு முறை ஆள் ஏறும்போதும் அது ஒரு மயிரிழை வெளியே வரும், மழையில் துருப்பிடிக்கும், துளையைச் சுற்றி மரம் பிளக்கும். பல மாதம் ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு நாள், பாரம் கூடிய ஒரு நொடியில், படி முழுவதும் சுவரை விட்டுப் பிரிந்து விழும். பார்த்தவர்கள் "திடீரென்று விழுந்துவிட்டது" என்பார்கள். திடீரென்று எதுவும் நடக்கவில்லை, அடிமண் முதல் மழையிலேயே வேலையைத் தொடங்கிவிட்டது.

படி முழுவதும் விழாவிட்டாலும் தொல்லை உண்டு. அடி இறங்கினால் படிகளின் உயரம் ஒழுங்கு தப்பும், பலகைகள் முன்பக்கம் சாயும். நம் கால் முதல் இரண்டு படிகளில் உயரத்தைப் பழகிக்கொண்டு மீதிப் படிகளைப் பாராமலே இறங்குகிறது. அதனால்தான் அமெரிக்க வீட்டுக் கட்டட விதி, ஒரே வரிசையில் படிக்குப் படி உயர வேறுபாடு 9.5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று கறாராகச் சொல்கிறது. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு! ஈரப் பலகை, மங்கிய விளக்கு, சாய்ந்த கடைசிப் படி மூன்றும் சேரும் இடத்தில் இடுப்பெலும்பு முறியும் முதியவர் எழுந்து நடக்க எத்தனை மாதமாகும் என்பது மருத்துவமனை வாசல் மிதித்த எல்லோருக்கும் தெரியும்.

மண்ணின் மென்மையோடு இன்னொன்றும் சேர்கிறது. மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் வேண்டும். இரண்டும் சரியான அளவில் கிடைப்பது தரைமட்டத்தில், மண்ணுக்கு ஒரு விரற்கடை மேலும் கீழும். மரத்தின் வெட்டுமுனை தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், கரையானும் அவ்வழியே ஏறும். மலையில் மலிவாகக் கிடைப்பது தேயிலைத் தோட்டத்து நிழல்மரமான சில்வர் ஓக். உள்ளறைப் பலகைக்கு அது போதும், மண்ணைத் தொட்டு நிற்க அதற்கு வலு கிடையாது. தேக்கிலும் வைரம் பாய்ந்த நடுக்கட்டைதான் உழைக்கும், வெளிறிய ஓரக்கட்டை சீக்கிரம் இற்றுவிடும். இதற்கு மருந்து என்று பலரும் பூசுவது வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயில். அது மரத்துக்குள் ஆழமாக இறங்காது, படியை வழுக்கவைக்கும், மண்ணையும் கெடுக்கும். போராக்ஸ் கரைசலோ மழையில் கரைந்து ஓடிவிடும். அழுத்தக் கலனில் ஏற்றிப் பதப்படுத்திய மரமே வெளியில் நிற்கத் தகுந்தது. அதையும் மண்ணில் நேராக நிறுத்தாமல் இருப்பது நல்லது.

மணலில் மரம் நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பதைச் சென்னை ஏற்கெனவே பார்த்திருக்கிறது. மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் கடல்வரை போக 263 மீட்டர் நீளத்தில் மரப்பாதை அமைத்து 2022 நவம்பர் இறுதியில் திறந்தார்கள். எத்தனையோ பேர் வாழ்நாளில் முதல்முறையாக அலையருகே போன நல்ல முயற்சி அது. இரண்டு வாரம் ஆகும் முன்னே, டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்தபோது கடல் ஏறிவந்து பாதையைச் சேதப்படுத்தியது. பின்னர் சீரமைத்து மறுபடி திறந்தார்கள். பாதையை எதிர்ப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அரசின் கண்காணிப்பில் பொறியாளர்கள் போட்ட மரமே இந்தப் பாடு பட்டதென்றால், கேட்பாரற்ற சரிவில் உள்ளூர் ஆள் அரை நாளில் நட்டுவிட்டுப் போன படியைப் பற்றி என்ன சொல்வது? நீலகிரியின் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய மழைக்குப் பிறகு சரிவில் கட்டைவிரல் எவ்வளவு இறங்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

குறை தொழிலாளிகளின் திறமையில் இல்லை, வேலை பிரிந்து கிடப்பதில் இருக்கிறது. கொத்தனார் தூணும் தளமும் முடித்துக் கணக்கு வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். ஆசாரி வரும்போது ஜல்லியும் இல்லை, சிமென்ட்டும் இல்லை. படி என்பது மரவேலை, அதன் அடி என்பது கொத்துவேலை. இரண்டுக்கும் நடுவில் அது யாருக்கும் சொந்தமில்லாமல் போகிறது. உரிமையாளரும் வார்னிஷுக்குத் தரும் காசை அடிக்குத் தருவதில்லை, கண்ணில் படாத இடம் என்பதால். நம் பழைய வீடுகளைக் கட்டியவர்கள் இந்தத் தவறைச் செய்யவில்லை. செட்டிநாட்டு வீடுகளிலும் அக்ரகாரத்துத் திண்ணைகளிலும் மரத்தூண் தரையைத் தொடுவதில்லை, அடியில் ஒரு கல் இருக்கும். அந்தக் கல்தான் ஈரத்தையும் கரையானையும் தடுத்தது, சுமையையும் பரப்பியது.

செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. மேல்மண்ணையும் கொட்டி நிரப்பிய மண்ணையும் அள்ளிவிட்டு விரல் இறங்காத கெட்டி மண் வரும்வரை தோண்ட வேண்டும். 15 சென்டிமீட்டர் ஜல்லி போட்டு நன்றாகத் திமிசு அடிக்க வேண்டும். அதன்மேல் ஒவ்வொரு சட்டத்துக்கும் 45 சென்டிமீட்டர் சதுரத்தில், 15 சென்டிமீட்டர் கனத்தில் கான்கிரீட் பீடம், தரைக்கு மேல் சற்றே தூக்கலாக. முதலில் பார்த்த அதே 120 கிலோ, பீடத்தின் எடையோடு சேர்த்தும், சதுர மீட்டருக்கு ஒரு டன்னுக்குள் அடங்கிவிடும். மரத்தைக் கான்கிரீட்டுக்குள் புதைக்கக் கூடாது, இடுக்கில் தேங்கும் தண்ணீர் அதை உள்ளிருந்தே தின்னும். துத்தநாகப் பூச்சுள்ள இரும்புத் தாங்கியைப் பீடத்தில் பதித்து, இரண்டு விரற்கடை இடைவெளி விட்டுச் சட்டத்தை அதில் போல்ட்டால் பிணைக்க வேண்டும். மேல்முனைக்கும் ஆணி போதாது, போல்ட்டும் இரும்புத் தாங்கியும் வேண்டும். கூரைத் தண்ணீர் படியின் அடியில் விழாதபடி திருப்பிவிட வேண்டும், சரிவின் மேல்பக்கம் ஒரு சிறு வாய்க்கால் வெட்ட வேண்டும். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் மண் மழையில் உப்பி வெயிலில் வெடிப்பதால் அங்கே பீடம் மட்டும் போதாது. கரிசலை அகற்றி மொரம்பு நிரப்பி, படி வீட்டோடு சேராமல் தனியாக ஏறி இறங்க இடம் விடுவதே பாதுகாப்பு.

சட்டமும் விழிக்க வேண்டும். அமெரிக்காவின் பெர்க்லி நகரில் 2015 ஜூன் 16 அன்று ஒரு குடியிருப்பின் மர பால்கனி இடிந்து ஆறு இளைஞர்கள் இறந்தார்கள். தாங்கிய மரம் உள்ளே இற்றுப்போயிருந்தது. அதன்பின் 2018இல் கலிஃபோர்னியா கொண்டுவந்த சட்டம், மூன்றோ அதற்கு மேலோ வீடுகள் கொண்ட வாடகைக் குடியிருப்புகளில் மரம் தாங்கும் பால்கனி, நடைபாதை, வெளிப்படிகளை ஆறு ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கச் சொல்கிறது. ஆனால் தரையிலிருந்து ஆறடிக்கு மேல் உயர்ந்தவற்றுக்கு மட்டும்தான். நம் குடில்களின் படிகளில் பல அந்த உயரத்தை எட்டாதவை. ஆகவே அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நம் மழைக்கு ஆறு ஆண்டு என்பதும் மிக நீண்ட காலம்.

சுற்றுலாத் துறையும் மலை மாவட்ட நிர்வாகங்களும் தங்கும் விடுதிக்கான பதிவின்போதும் புதுப்பித்தலின்போதும் வெளிப்படியின் அடியைக் காட்டும் வரைபடத்தையும் படத்தையும் கேட்க வேண்டும். மே மாதத்தில் ஒருமுறை, செப்டம்பரில் ஒருமுறை என இரு பருவமழைகளுக்கும் முன்பு உள்ளாட்சிப் பொறியாளர் நேரில் பார்க்க வேண்டும். அதற்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டியதில்லை. தரைமட்டத்தில் திருப்புளியை வைத்து அழுத்தினால் முனை எளிதாக உள்ளே போகிறதா, மேலே படிக்கும் வாசலுக்கும் நடுவில் புதிய இடைவெளி தெரிகிறதா, கைப்பிடி ஆடுகிறதா என்ற மூன்று கேள்விகள் போதும். ஒன்றுக்கு "ஆம்" என்று பதில் வந்தாலும் அந்தப் படியை அன்றே கயிறு கட்டி அடைத்துவிட்டு, விருந்தினருக்கு வேறு வழி விடுங்கள். கொத்தனாரும் ஆசாரியும் ஒரே நாளில் சேர்ந்து வந்து வேலையை முடிக்கும்வரை கயிற்றை அவிழ்க்க வேண்டாம்.