ஒரு ரிவெட்டும் ஒரு கையெழுத்தும்

விமானத்தின் உடல் பாகத்தை உலகம் முழுக்க ‘ஃப்யூஸலாஜ்’ என்கிறார்கள். அது பிரெஞ்சுச் சொல். ‘ஃப்யூஸோ’ என்றால் நூல் நூற்கும் கதிர். நடுவில் பருத்து நுனியில் மெலிந்த வடிவம் என்பதால் அந்தப் பெயர். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்குச் சொல் சிறு வயதிலேயே தெரியும். பொருளைக் கையால் தொட்டது எழுபது வயதுக்கு மேல்தான், துலூஸ் நகரத்துக்குப் பக்கத்தில் என் தம்பி வீட்டு கார் ஷெட்டில்.

தம்பி சொல்தாவாகப் போனவன். பட்டாளத்தில் மெக்கானிக் வேலை. ஓய்வுக்குப் பிறகு இரண்டு பேர் உட்காரும் விமானத்துக்கான கிட் வாங்கி, வீட்டிலேயே பூட்டிக்கொண்டிருக்கிறான். ‘ரிட்டயர் ஆனவருக்கு இது வேண்டாத வேலை, சர்க்கார் எப்படி விடுகிறது?’ என்று எங்கள் குடும்பத்தில் கேட்காதவர்கள் இல்லை. நானும் கேட்டவன்தான். அங்கே இரண்டு மாதம் இருந்து வந்த பிறகு என் கருத்து மாறியது. ஏன் என்று எழுதுகிறேன்.

கிட் என்றவுடன் பொம்மை மாதிரி மாட்டிவிடலாம் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. துளை போட்ட அலுமினியத் தகடுகளும் சட்டங்களும் பெட்டியில் வருகின்றன. முதலில் ஸ்ப்ரிங் ஊசிகளால் தற்காலிகமாகக் கோக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் பிரித்து, ஒவ்வொரு துளையின் விளிம்பையும் மழுக்க வேண்டும். சொரசொரப்பு இருந்தால் விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். பிறகு பிரைமர் அடித்து, மறுபடி கோத்து, ரிவெட் அடிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான ரிவெட்டுகள்.

ரிவெட் அடிக்கப் பல இடங்களில் இரண்டு ஆள் வேண்டும். வெளியே ஒருவர் காற்றுத் துப்பாக்கியால் அடிக்க, உள்ளே ஒருவர் இரும்புக் கட்டையை எதிரே அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்தக் கட்டைக்குப் பெயர் ‘தா’. பள்ளியில் ‘தா’ என்றால் குவியல் என்று மட்டும்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

கட்டை பிடிக்கும் வேலை எனக்கு. மூன்றாம் நாள் கை நழுவி, ஒரு ரிவெட் ஒரு பக்கமாகச் சப்பிப்போனது. தகட்டில் பிறை மாதிரி ஒரு தழும்பு.

“உள்பக்கம்தானே, மேலே பிரைமர் அடிச்சிட்டா யாருக்குத் தெரியப் போகுது?” என்றேன்.

“அண்ணே, இதை நாளைக்கு மூடிடுவோம். அப்புறம் நானே பார்க்க முடியாது. இப்பவே எடுத்துடலாம்” என்றான்.

ட்ரில் வைத்து ரிவெட்டை எடுத்தான். துளை கெடவில்லை என்று பார்த்த பிறகு புதியதை அடித்தான். நோட்டுப் புத்தகத்தில் தேதி, இடம், என்ன தவறு, என்ன செய்தோம் என்று எழுதி, போட்டோவும் எடுத்து வைத்தான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் குமாஸ்தாவாக இருந்தபோது ஒரு வருஷம், கிடங்கில் போய் எண்ணாமலே ஸ்டாக் ரிஜிஸ்டரில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதி, மார்ச் 31 தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். இரண்டு வருஷம் கழித்துச் சரக்கு குறைவு என்று தெரிந்தது. எப்போது குறைந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அப்போது கிடங்குப் பொறுப்பில் இருந்தவர் சம்பளத்தில் பிடித்தார்கள். நான் வாய் திறக்கவில்லை. அவர் இப்போது உயிரோடு இல்லை.

வீட்டில் விமானம் கட்டுவதில் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆன்றி மின்யே என்ற பிரெஞ்சுக்காரர் 1930களில் ‘பூ துயு சியேல்’, அதாவது ஆகாயப் பேன், என்ற குட்டி விமானத்தை வடிவமைத்தார். சாதாரண ஆளே கட்டிக்கொள்ளும்படி 1934இல் புத்தகமும் போட்டார். பலர் கட்டினார்கள். சிலர் விழுந்து செத்தார்கள். 1936இல் பிரான்சிலும் இங்கிலாந்திலும் விமானத்தைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தபோது காரணம் தெரிந்தது. முன் இறக்கையும் பின் இறக்கையும் மிக நெருக்கமாக இருந்தன. மூக்கு ஓரளவுக்கு மேல் கவிழ்ந்துவிட்டால், பிடியை இழுத்தாலும் நிமிராது. பறக்கத் தடை வந்தது, வடிவமும் திருத்தப்பட்டது. ஆனால் கதவை ஒரேயடியாகச் சாத்திவிடவில்லை. 1948இல் போன் என்ற ஊரில் ழோலி, தெலமோந்தேஸ் இருவரும் ஓர் ஒற்றை இருக்கை மர விமானத்தைப் பறக்கவிட்டார்கள். இருவர் பெயரையும் சேர்த்து அதற்கு ‘ழோதெல்’ என்று பெயர். வரைபடம் வாங்கி அதை வீட்டில் கட்டியவர்கள் ஏராளம்.

‘உங்க தம்பி விழுந்தா அவர் மட்டுமா விழுவார், கீழே இருக்கிறவங்க கதி?’ என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்குத்தான் விதிகள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வேலையில் பாதிக்கு மேல் கட்டுகிறவரே செய்திருக்க வேண்டும். அமெரிக்காவில் ஆரம்பச் சோதனைக் கட்டம் முழுக்கப் பயணி ஏற்றாமல், ஊர் நெருக்கமில்லாத பகுதியில் சோதித்துப் பறக்க வேண்டும்.

நம் நாட்டிலும் ஆர்வத்துக்குக் குறைவில்லை. மும்பை விமானி அமோல் யாதவ் குடியிருப்பின் மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டினார். 2016இல் அது கண்காட்சிக்கு வந்தது. பதிவு எண் கிடைத்தது 2017இல். அதற்குள் அவர் பல வருஷம் அலைய வேண்டியிருந்தது. இப்படிப்பட்டவரை ‘முடியாது’ என்று திருப்பி அனுப்புவது குமாஸ்தாவுக்குச் சுலபம். பார்க்காமல் ‘சரி’ என்று கையெழுத்துப் போடுவது அதைவிடச் சுலபம். இரண்டும் ஒரே சோம்பேறித்தனம்தான். அனுமதி கொடுங்கள், ஆனால் மூடும் முன் நேரில் போய்ப் பாருங்கள். இதுதான் என் கருத்து.

போன ஞாயிறு தம்பி போன் செய்தான். அடுத்த மாதம் மேல் தகட்டை மூடப்போகிறானாம். “மூடும் முன்னால வேற யாராவது பார்த்தாங்களா?” என்று கேட்டேன்.

“வர்ற சனிக்கிழமை வர்றாங்க அண்ணே. நீங்க பிடிச்ச அந்த ரிவெட்டையும் காட்டுறேன்” என்று சிரித்தான்.