வெறுங்கையுடன் திரும்பினார்களா?

"இருபத்தொரு ஆண்டுகள் தேடினார்கள். ஒரு வேற்றுக்கிரகவாசியையும் காணவில்லை. ஐம்பது இலட்சம் பேரின் மின்சாரம் வீண்!" செற்றி அட் ஹோம் திட்டத்தை இவ்வாறு எள்ளி நகையாடுவோரை இன்றும் காண்கிறேன். பத்திரிகைத் தொழிலில் முடி நரைத்தவன் என்ற முறையில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த எள்ளலை வளர்த்ததில் எங்களுக்கும் பங்குண்டு. 'கண்டுபிடித்தார்கள்' என்றால் முதற்பக்கம். 'தேடினார்கள், கிடைக்கவில்லை' என்றால் குப்பைக்கூடை.

நடந்தது என்ன? வேற்றுலக அறிவுயிர்களின் வானொலிச் சமிக்ஞைகளைத் தேடும் திட்டமொன்றை நாசா 1992 ஒக்டோபரில் தொடங்கியது. மறு ஆண்டே, செனற்றர் றிச்சர்ட் பிரையன் முன்னிற்க, அமெரிக்கக் காங்கிரஸ் அதற்கான நிதியை நிறுத்தியது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1.2 கோடி டொலர். நாசாவின் வரவுசெலவில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட அல்ல.

அரசு கைகழுவிய துறைக்குப் பொதுமக்கள் தோள்கொடுத்தனர். 1999 மே 17 அன்று பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் செற்றி அட் ஹோமைத் தொடக்கியது. புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்த 305 மீற்றர் அரெசிபோ தொலைநோக்கி வேறு வானியலாளரின் ஆய்வுக்காக எத்திசையை நோக்கியதோ, அத்திசையிலேயே இத்திட்டமும் செவிசாய்த்தது. ஐதரசனின் 1420 மெகாஹேர்ட்ஸ் அதிர்வெண்ணை ஒட்டிய பதிவுகள், ஏறத்தாழ 107 செக்கன் கொண்ட துண்டுகளாக வீட்டுக் கணினிகளுக்குச் சென்றன. உரிமையாளர் எழுந்து சென்றதும் கணினி அவற்றை ஆராயத் தொடங்கியது.

இதனால் மின்கட்டணம் கூடியது உண்மையே. முழுமூச்சாக இயங்கும் கணினி, சும்மா இருக்கும் கணினியைவிடக் கூடுதல் மின்சாரத்தை உண்ணும். ஆனால் அதனைச் செலுத்தியவர்கள் விரும்பிச் செலுத்தினார்கள். செலுத்தாதவர்களுக்கு என்ன முறைப்பாடு?

பயன் இல்லையா? இத்திட்டத்தை நடத்தியவர்கள் உருவாக்கிய பொயிங்க் மென்பொருளில் இயங்கிய ஐன்ஸ்ரைன் அட் ஹோம், 2010 இல் அதே அரெசிபோவின் தரவிலிருந்து புதிய துடிவிண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தது. அதனை முதலில் இனங்கண்டவை அமெரிக்காவிலும் ஜேர்மனியிலும் இருந்த சாதாரண மனிதர்களின் கணினிகள்.

குறை கூறவேண்டிய இடம் வேறு. கணக்கிட ஐம்பது இலட்சம் பேர் வந்தார்கள். வந்து குவிந்த 1,200 கோடிப் பதிவுகளைச் சலித்தெடுக்க எஞ்சியது ஒரு சிறு குழு. 2020 மார்ச்சில் வேலை பகிர்வது நின்றது. முடிவுகளைக் கூறும் ஆய்வுக் கட்டுரைகள் 2025 இல்தான் வெளியாகின. இடையில், 2020 டிசெம்பர் 1 அன்று அரெசிபோ இடிந்து வீழ்ந்தது. அதனை மீளக் கட்டப்போவதில்லை என அமெரிக்கத் தேசிய அறிவியல் நிறுவகம் 2022 இல் அறிவித்தது. சலித்தபின் எஞ்சிய சுமார் நூறு சமிக்ஞைகளை மீண்டும் நோக்கச் சீனாவின் ஃபாஸ்ட் தொலைநோக்கியை நாடவேண்டியதாயிற்று.

தொண்டர்கள் தம் கடனைச் செய்தார்கள். அவர்களின் உழைப்பைப் பெற்றுக்கொண்டு, அதற்கு விடைகூறும் செலவை ஏற்க மறுப்பதே வெட்கக்கேடு. தேடிய வானத்தில், குறித்த வலுவுக்கு மேற்பட்ட சமிக்ஞை எதுவும் உறுதிப்படவில்லை என்பதும் ஓர் அறிவே. தேடாதவர்களுக்கு அதுவும் கிடைப்பதில்லை.