மணத்துக்கு வழிவிடும் ஒயின்

சென்ற நவம்பரில் திருமண நாளைக் கொண்டாட, நண்பர் ஒருவர் மனைவியுடன் இத்தாலிய உணவகத்துக்குப் போனார். வெள்ளை டிரஃபிள் சீவிப் போட்ட பாஸ்தாவைக் கேட்டார். கூடவே, பட்டியலில் ஆக விலையுயர்ந்த சிவப்பு ஒயினையும் வரவழைத்தார். "ஒயின் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் டிரஃபிள் எங்கே போனது என்றே தெரியவில்லை" என்றார் மறுநாள். கட்டணத்தைக் கேட்டபோது எனக்கே வலித்தது.

குறை டிரஃபிளிலும் இல்லை, ஒயினிலும் இல்லை. இரண்டையும் சேர்த்த விதத்தில்தான்.

டிரஃபிள் என்பது ஓக், ஹேசல் போன்ற மரங்களின் வேரை ஒட்டி மண்ணுக்கடியில் வளரும் பூஞ்சை. அதில் சுவையைவிட மணமே பெரிது. அந்த மணத்தில் கந்தகச் சேர்மங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. நம் வீட்டுப் பெருங்காயத்தின் வாசனைக்கும் அவையே காரணம். ஆனால், பெருங்காயம் எண்ணெயில் பொரிந்தால் வீடே மணக்கும். வெள்ளை டிரஃபிளைச் சூடாக்கினால் மணம் ஓடிவிடும். அதனால்தான் அதைச் சமைக்காமல், பரிமாறும்போது மேலே சீவுகிறார்கள்.

அதன் பக்கத்தில் வெனிலா வாசமும் பழச்சுவையும் தூக்கலான இளம் ஒயினை வைத்தால் என்ன ஆகும்? நெய் மணக்கும் சோற்றில் காரக்குழம்பை ஊற்றிய கதைதான்.

இத்தாலியின் வடமேற்கில், பியட்மாண்ட் வட்டாரத்தில் உள்ள ஆல்பா நகரத்தார் இதை நன்கு அறிவார்கள். ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் அங்கு வெள்ளை டிரஃபிள் சந்தை கூடுகிறது. சுற்றிலும் உள்ள குன்றுகளில் நெபியோலோ திராட்சை விளைகிறது. பரோலோ, பார்பரெஸ்கோ என்ற புகழ்பெற்ற ஒயின்கள் அதிலிருந்தே வருகின்றன. முட்டை மஞ்சள் கருவில் பிசைந்த தாஜரின் என்ற மெல்லிய பாஸ்தா, வெண்ணெய், மேலே டிரஃபிள். அவர்களது தட்டில் அவ்வளவுதான். மணத்தோடு போட்டியிட வேறு எதுவும் இல்லை.

பரோலோவைக் குறைந்தது 38 மாதங்களும், பார்பரெஸ்கோவை 26 மாதங்களும் முதிரவைத்த பிறகே விற்கலாம் என்பது விதி. அப்போதும் அவற்றில் துவர்ப்பு மிகுந்திருக்கும். பத்துப் பதினைந்து ஆண்டுகள் கடந்த நல்ல பரோலோவில் துவர்ப்பு தணிந்து, காய்ந்த இலை, காளான், ஈரமண் வாசம் எழும். அந்த வாசம் டிரஃபிளை அமுக்காது, அதோடு சேர்ந்து போகும். எஞ்சிய துவர்ப்பை வெண்ணெயும் மஞ்சள் கருவும் மட்டுப்படுத்திவிடும்.

பழைய பரோலோவுக்குப் பணம் இடம் கொடுக்காவிட்டால், லாங்கே நெபியோலோ கேட்டுப் பாருங்கள். அதே திராட்சைதான். பொதுவாகத் துவர்ப்பும் குறைவு, விலையும் குறைவு. வெள்ளை ஒயின் விரும்புவோர், சில ஆண்டுகள் முதிர்ந்த பர்கண்டி ஷார்டனேயைத் தேர்ந்தெடுக்கலாம்.

கறுப்பு டிரஃபிள் வேறு ரகம். மிதமான சூட்டைத் தாங்கும். கோழி, மாட்டிறைச்சி வகைகளுக்குப் பொருந்தும். முதிர்ந்த பினோ நுவார் அதற்கு நல்ல துணை. ஐரோப்பாவில் அது குளிர்காலத்தில் கிடைக்கும். மேற்கு ஆஸ்திரேலியாவின் மஞ்சிமப் பகுதியிலோ ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தோண்டி எடுக்கிறார்கள்.

நம்மில் பலருக்கு அறிமுகமானது டிரஃபிள் எண்ணெய் தெளித்த உருளைக்கிழங்கு வறுவல்தான். அந்த எண்ணெய்களில் பெரும்பாலானவற்றின் வாசம் ஆய்வகத்தில் உருவானது. அதற்காகப் பழைய பரோலோவைத் திறப்பது வீண். உப்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் வெட்ட, நுரைக்கும் ஒயின் ஒரு கோப்பை போதும். மது அருந்தாதவர்களுக்குக் குளிர்ந்த சோடாவும் எலுமிச்சையும் அந்த வேலையைச் செய்யும்.

ஆகவே ஒயின் பட்டியலைப் புரட்டுவதற்கு முன், பரிமாறுபவரிடம் கேளுங்கள்: வெள்ளையா, கறுப்பா? புதியதா, வெறும் எண்ணெயா? வெள்ளை டிரஃபிளின் உச்சப் பருவம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மே மாதத்தில் 'புதிய வெள்ளை டிரஃபிள்' என்றால் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்.

தட்டு வந்ததும் முதலில் குனிந்து முகருங்கள். நீங்கள் கொடுக்கும் காசு அந்த மணத்துக்குத்தான். ஒயின் பிறகு வரட்டும்.