முதற் பாடம் காலடியே

கைத்தொலைபேசியின் சிறு திரையிலே, தலைகீழாய்ச் சுழன்று காலை வீசும் வீரர்களைக் கண்டு, "நாமும் இதைப் பயிலலாமா?" என்று ஆவலுறும் இளைஞர் நம்மிடையே பலர். அக்கலை பிரேசில் நாட்டுக் கப்போயிரா. அதனைக் கற்பிக்கும் ஆசானைப் புளத்கொகுபிட்டியவில் தேடிக் காண்பது அரிது. ஆயினும், முதல்நாள் மாணவனுக்கு அக்கலை உணர்த்தும் பாடம், நம் சொந்தக் கலையாகிய சிலம்பத்தின் வாயிலிலும் காத்திருக்கின்றது.

கப்போயிராவை வளர்த்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட மக்கள். கரும்புத் தோட்டங்களிலும் துறைமுக நகரங்களிலும் உழன்ற அவர்களிடத்தே ஆட்டமும் பாட்டும் போரும் ஒன்றாய்க் கலந்து உருவாயிற்று அக்கலை. 1888ஆம் ஆண்டில் பிரேசிலில் அடிமைமுறை ஒழிந்தது. 1890ஆம் ஆண்டிலோ கப்போயிரா ஆடுவது தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது! அவ்வாறு இகழப்பட்ட கலையையே 2014ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

இம்மாற்றத்துக்கு வழிகோலியவர்களுள் ஒருவர் பிம்பா என்னும் ஆசான். 1932ஆம் ஆண்டில் சல்வடோர் நகரிலே அவர் பயிற்சிக்கூடம் ஒன்றை நிறுவினார். தம்மிடம் வருவோர் கல்வி கற்பவராகவோ தொழில் செய்பவராகவோ இருத்தல் வேண்டும் என்பது அவர் விதி. புதிய மாணவனுக்கு அவர் எடுத்த எடுப்பில் பாய்ச்சலையும் உதையையும் கற்பிக்கவில்லை. அவன் இரு கைகளையும் தாமே பற்றிக்கொண்டு, முன்னும் பின்னும் அசைந்து மாறும் 'ஜிங்கா' என்னும் காலடியைப் பழக்கினார். அந்த அசைவு உடலில் ஊறிய பின்னரே ஏனையவை.

நம் முன்னோர் விலைக்கு வாங்கப்பட்ட அடிமைகள் அல்லர். ஆயினும், 1921ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்ட துண்டுமுறையினால் கடனிற் கட்டுண்டு உழைத்தவர்கள். அவர்களுக்கும் உடலே உடைமை; கலையே ஆறுதல். தப்பும் காமன் கூத்தும் போலவே சிலம்பமும் அவர்களோடு கடல் கடந்து வந்தது.

சிலம்ப வாத்தியாரும் முதலில் கற்பிப்பது காலடியே. கம்பைச் சுழற்றும் ஆசையோடு சென்றவனுக்கு இது சலிப்பூட்டலாம். ஆனால், கால் நிலைகொள்ளாதவன் வீசும் கம்பு அவனையே தாக்கும். எங்கே நிற்பது, எப்பொழுது விலகுவது என்பதைக் கால் அறிந்தபின், கை தானாகவே கற்றுக்கொள்ளும். 'அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்' என்னும் பழமொழியில், அடி என்பதற்குக் காலடி என்றும் பொருள்கொண்டால் சிலம்பத்தின் இரகசியம் விளங்கிவிடும்.

பயிலத் தொடங்குவோர் மனத்திற் கொள்ள வேண்டியவை சில. கம்பு நிலத்திலிருந்து நெற்றி மட்டும் உயரமுள்ளதாய், இலேசானதாய் இருத்தல் நலம். பயிற்சிக்கு முன் மூட்டுகளையும் மணிக்கட்டுகளையும் தளர்த்திக்கொள்ள வேண்டும். வலக்கைக்குப் பழகிய சுழற்சியை இடக்கைக்கும் பழக்க வேண்டும். வாத்தியாரின் அனுமதியின்றி எதிராளியுடன் மோதலாகாது. வீச்செல்லைக்குள் சிறுபிள்ளைகள் வராதபடி காத்தல் வேண்டும். கொழுந்து கொய்து, பால் வெட்டி அலுத்த உடம்புக்கு ஓய்வும் தேவை. ஆகையால் நாள்தோறும் அரைமணி நேரமே போதும். இடத்துக்கும் கவலையில்லை, மாலையில் ஆளொழிந்த பிரட்டுக்களம் போதாதா?

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கம்பெடுத்தால் பிள்ளை சண்டைக்காரனாவான் என்று அஞ்சவேண்டாம். அடியின் வலியை அறிந்தவனே கையை அடக்கக் கற்கிறான். பெண்பிள்ளைகளையும் தடுக்காதீர்கள். தமிழ்நாட்டிலும் மலேசியாவிலும் அவர்கள் சிலம்பப் போட்டிகளிற் கலந்துகொள்கின்றார்கள்.

ஏட்டிலிருந்து மட்டும் இக்கலையைக் கற்றுவிட இயலாது. திரையிற் கண்டும் இயலாது. ஓர் உடல் மற்றோர் உடலுக்குக் கைபிடித்துக் கொடுக்க வேண்டிய செல்வம் அது. கற்பார் இல்லையேல், வயது முதிர்ந்த வாத்தியார் ஒருவர் மறையும்போது, அவர் கற்றிருந்த வரிசைகளும் அவரோடு மறைந்துபோகும். ஆகவே, மாணவ நண்பர்களே, தூரத்துக் கலையைக் கண்டு வியந்த கண்களை உங்கள் தோட்டத்தின் பக்கமும் திருப்புங்கள். கம்பு பிடித்த பெரியவர் ஒருவர் அங்கே இருப்பாராயின், அவரை வணங்கி, "ஐயா, காலடி சொல்லித் தாருங்கள்" என்று கேளுங்கள். அவர் மறுக்கமாட்டார்.