ஒரு குடும்பத்துக்கு 3 கோர்ட்டா?
கணவன்-மனைவி பிரிவது என்று ஆகிவிட்டால் கோர்ட்டுப் படி ஏறித்தான் ஆகவேண்டும். எத்தனை கோர்ட்டு என்பதுதான் கேள்வி.

குடும்பநல கோர்ட்டு இல்லாத இடத்தில் விவாகரத்துக்கு சப்-கோர்ட்டு, ஜீவனாம்சத்துக்கு மாஜிஸ்திரேட்டு, பிள்ளை யாரிடம் என்பதற்கு மாவட்ட கோர்ட்டு. மூன்று வாய்தா, மூன்று வக்கீல் பீஸ்! இந்த அலைச்சலை ஒழிக்கத்தான் 1984-ல் தனிச் சட்டம் வந்தது. எல்லாம் ஒரே இடத்தில். முதலில் சமரசம், பேசிப் பார்க்க ஆலோசகர், கேட்டால் மூடிய அறையில் விசாரணை.

தாம்பரம் சப்-கோர்ட்டிலோ விவாகரத்து மனுக்கள் நிலத்தகராறு வழக்குகளோடு வரிசையில் நின்றிருக்கின்றன. குடும்பநல கோர்ட்டு இருப்பது செங்கல்பட்டில். பல்லாவரத்தில் இடுப்புக் குழந்தையோடு மின்சார ரெயில் ஏறும் பெண்ணுக்கு, ஒரு வாய்தா என்றால் ஒரு நாள் கூலி போச்சு. எதிர்க்கட்சிக்காரர் வரலேன்னா அதுவும் வீண்.

10 லட்சம் ஜனத்தொகையைத் தாண்டிய நகரத்துக்கு இந்தக் கோர்ட்டு கட்டாயம். மற்ற ஊர்களிலும் அரசு நினைத்தால் திறக்கலாம். சட்டத்திலேயே வழி இருக்கிறது. 5 நகராட்சி, 5 பேரூராட்சியைச் சேர்த்து 2021-ல் தாம்பரத்தை மாநகராட்சி ஆக்கினார்கள். வரி வசூலுக்கு மட்டும்தான் மாநகராட்சியா? ஆலோசகரும், பிள்ளையை அப்பா பார்க்க ஒரு தனி அறையும் உள்ள குடும்பநல கோர்ட்டு தாம்பரத்திலேயே நடக்கவேண்டும். வாரத்துக்கு 2 நாள் என்றாலும் சரி.